வேம்பும் வெறியாட்டும்: சங்கப் பாடல்களில் நோய்காப்பு

தமிழர் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பலர், சடங்கு முந்தியது, மூலிகை பிந்தியது, காலப்போக்கில் இரண்டும் கலந்தன என்னும் வரிசையை ஏற்கின்றனர். கலப்பு என்ற சொல், முன்னரே தனித்தனியாக நின்ற இரு பொருள்களை வேண்டி நிற்கிறது. அத்தகைய தனிநிலை சங்கப் பாடல்களில் உண்டா என்பது முதலில் ஆராயத்தக்கது.

அரிசில்கிழார் பாடிய புறநானூறு 281, விழுப்புண் பட்ட வீரன் கிடக்கும் மனையைக் காட்டுகிறது. பெண்கள் இரவந்தழையையும் வேப்பந்தழையையும் மனையில் செருகுகின்றனர். யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன. மை இழுகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்புகின்றனர். புண்ணுற்றவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என வகுத்துள்ளது.

இங்குள்ள வேம்பையும் புகையையும் கிருமிநாசினி என விளக்குவது இக்காலக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. வேம்பின் மருத்துவக் குணம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பாடலில் தழை செருகப்படுவது மனையில், புண்ணில் அன்று. மேலும் அவ்விளக்கம் யாழையும் மணியையும் காஞ்சிப் பாட்டையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அறிவியலுக்கு இணங்குவனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழமையைப் பாராட்டுவது, பாடலைப் படிக்காமல் விடுவதற்கு ஒப்பாகும். பேயை நீக்கிவிட்டால் துறையே இல்லை. அதே வேளையில் பாடல் முடியும் சொல் புண் என்பதே. காவல் முழுவதும் உடற்காயம் ஒன்றைச் சுற்றியே அமைகிறது. காயத்தைத் தைக்கும் நெடுவெள்ளூசியையும் அச்சமூகம் அறிந்திருந்தது. பதிற்றுப்பத்து 42இல் பரணர் அவ்வூசியை, குளத்தில் மூழ்கி எழும் சிரற்பறவையோடு ஒப்பிடுகிறார். ஊசியும் ஐயவியும் ஒன்றையொன்று மறுப்பதாக எப்பாடலும் கூறவில்லை.

மறுப்பு எழும் இடம் அகத்திணையின் வெறியாட்டு. தலைவியின் மெலிவை முருகனால் வந்ததெனக் கொண்டு தாய் வேலனை அழைக்கிறாள். நற்றிணை 34இல் தோழி, தன்னால் வராத நோய்க்குப் பலி ஏற்க வந்த முருகனையே அறியாமை உடையவன் என்கிறாள். இதனைப் பகுத்தறிவின் தொடக்கம் எனக் கொள்வது மிகை. சடங்கு பயனற்றது என்று தோழி வாதிடவில்லை. நோயின் காரணம் தலைவன் என்பதே அவள் கூற்று. வழக்கு முழுவதும் நோய்முதல் பற்றியது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய்முதல் நாடுதலை மருத்துவன் கடமையாக்குகிறது. பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் தெய்வமோ மந்திரமோ இடம்பெறவில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் வழக்கு வேறாகிறது. பாண்டியனின் வெப்புநோய்க்கு மருத்துவ நூலவர் செய்தவை பலிக்கவில்லை. சமணரின் மந்திரமும் பலிக்கவில்லை. சம்பந்தரின் திருநீறு தீர்க்கிறது. மருத்துவர் இங்குத் தனித்தரப்பாக நிறுத்தப்படுவது தோற்பதற்காகவே. நோய் எதனால் வந்தது என்னும் கேள்வியை, யாருடைய நீறு, யாருடைய மந்திரம் என்னும் கேள்வி பின்தள்ளிவிடுகிறது. அப்பரின் சூலைநோய் வரலாற்றிலும் மந்திரித்த குண்டிகை நீரும் மயிற்பீலியும் பயன்படாத பின்னரே திலகவதியார் கையிலிருந்து திருநீறு வருகிறது. மருந்தும் வழிபாடும் இங்குப் பிரிந்து நிற்பது சமயப் போட்டியின் தேவைக்காக. சேக்கிழாருக்கு முந்திய அரிசில்கிழாரின் மனையில் அப்பிரிவு தெரியவில்லை.