டிஜிட்டல் வெல்பீயிங்: ஷிப்ட் தொழிலாளிக்குக் கைகொடுக்குமா?

இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் செல்போன், ஒரகடத்தில் லாரியும் டயரும், வல்லம் வடகாலில் புல்லட். இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவர் வேலையைத் தள்ளிப்போட முடியாது. லைன் ஓடுகிற வேகத்துக்குக் கையும் ஓடியாக வேண்டும். தள்ளிப்போவதெல்லாம் அவருடைய சொந்த வேலைதான்: குரூப் 4 படிப்பு, எழுதாமல் நிற்கும் அரியர் பேப்பர், தூக்கம். எட்டு மணி நேர ஷிப்ட்டும் கம்பெனி பஸ் பயணமும் போக மிஞ்சுகிற நேரத்தை யூடியூப்பும் ரீல்ஸும் தின்றுவிடுகின்றன.

இதற்குக் காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டாம். கூகுள் 2018-ல் அறிவித்த டிஜிட்டல் வெல்பீயிங், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள மூன்று வசதிகளை, பகல், மதியம், இரவு என மூன்று ஷிப்ட் நேரங்களுக்கும் பொருத்திப் பயன்படுத்திப் பார்த்தேன்.

ஆப் டைமர்

யூடியூப்புக்கு நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால், அது தீர்ந்ததும் ஆப் மூடிக்கொள்ளும். பகல் ஷிப்ட்டுக்கு இது போதும். ஆனால் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. மதிய ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்கு அறைக்கு வருபவருக்கு, படுக்கிற நேரத்தில் இன்னோர் அரை மணி நேரம் கிடைத்துவிடும். பெரிய ஓட்டை இது.

ஃபோகஸ் மோட்

மூன்றில் சிறந்தது. இன்ஸ்டாகிராம், யூடியூப், கேம் என நேரம் தின்னும் ஆப்களைத் தேர்ந்தெடுத்தால், ஒரே தட்டில் அத்தனையும் நின்றுவிடும்; அவற்றின் நோட்டிஃபிகேஷனும் வராது. அழைப்புகள் வழக்கம்போல் வரும். பஸ்ஸில் ஏறியதும் இதைப் போட்டுவிட்டுப் படிப்பது நன்றாகவே பலன் தந்தது. ‘இடைவேளை’ பட்டனை மட்டும் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் கேட்டால் உடனே கொடுத்துவிடும்.

பெட்டைம் மோட்

திரை கறுப்பு வெள்ளையாகும், சத்தம் அடங்கும், அலாரம் மட்டும் அடிக்கும். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அப்படிப்பட்ட விடுதிகளிலும், நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை அறைகளிலும், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கிளம்புவார். அங்கே இந்த அமைதி எல்லோருக்கும் நல்லது. வீட்டு எண்களுக்கு ஸ்டார் போட்டு வைத்தால் அவசர அழைப்பு தவறாது.

குறைகள்

ஷிப்ட் மாறும்போது நேர அட்டவணையை நாமேதான் மாற்ற வேண்டும். வார விடுமுறையில், அடுத்த வார ஷிப்ட் தெரிந்ததுமே மாற்றிவிடுங்கள். அடுத்த குறை, பூட்டு இல்லாதது: வைத்த டைமரை நொடியில் எடுத்துவிடலாம். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ஸ்கிரீன் டைமில் பாஸ்கோட் போடும் வசதி உண்டு. அதை நம்பகமான நண்பரிடம் கொடுத்து வைக்கலாம்.

தீர்ப்பு

பகல் ஷிப்ட்டுக்கு மூன்றையும் பயன்படுத்துங்கள். மதியம், இரவு ஷிப்ட்டுக்கு ஆப் டைமரை விட்டுவிட்டு ஃபோகஸ், பெட்டைம் இரண்டையும் நம்புங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர் முதலில் தூங்கட்டும், பிறகு படிக்கலாம். நிறுவனத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சும் நேரம் உங்களுடையது. அதைக் காக்க இந்த இலவச வசதி தாராளமாக உதவும். இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.