ஹேண்டிகேப் கோப்பை: அளவுகோல் யார் கையில்?

தென்காசிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனத் தனித்தனிப் பிரிவு உண்டு. பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு சேர்த்து ஓடவிட யாருக்கும் மனம் வராது. கோல்ஃப் கிளப்பின் ஹேண்டிகேப் கோப்பை அந்தக் காரியத்தைத்தான் துணிந்து செய்கிறது.

கணக்கு எளிது. அடித்த மொத்த அடிகளிலிருந்து ஆட்டக்காரரின் ஹேண்டிகேப் என்ற சலுகை எண்ணைக் கழித்தால் வருவது நிகரம்; குறைந்த நிகரம் வெல்லும். 80 அடியில் ஆட்டத்தை முடித்தவரின் ஹேண்டிகேப் 6 என்றால் நிகரம் 74. தட்டுத்தடுமாறி 94 அடித்தவருக்கு 22 இருந்தால் நிகரம் 72. கோப்பை இரண்டாமவருக்கு! அப்பனும் மகனும், பழம்பெருச்சாளியும் புதுமுகமும் ஒரே பரிசுக்கு மோத எத்தனை விளையாட்டுகள் இப்படி இடம் தருகின்றன? டென்னிஸில் இன்று இது அரிது.

சிக்கல், அந்த 22 எங்கிருந்து வந்தது என்பதில். குதிரைப் பந்தயத்திலும் ஹேண்டிகேப் உண்டு. வலுவான குதிரை கூடுதல் எடை சுமக்கும். ஆனால் எடையைத் தீர்மானிப்பவர் அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி, குதிரைக்காரர் அல்ல. கிண்டியில் குதிரைகள் ஓடிய தடத்துக்கு உள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் அமைந்திருந்தது. தடத்தில் அளவுகோல் அதிகாரி கையில்; திடலிலோ ஆட்டக்காரர் தாமே கொடுக்கும் மதிப்பெண் அட்டைகளில்.

2020-இல் வந்த உலகப் பொது ஹேண்டிகேப் முறை, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியை எடுக்கிறது. மோசமான நாள்கள் கணக்கில் வராததால், ஓரிரு ஆட்டங்களில் வேண்டுமென்றே சொதப்பி எண்ணை உயர்த்திக்கொள்வது கடினம். ஓராண்டில் எட்டிய மிகக் குறைந்த எண்ணுக்கு மேல் ஐந்துக்கு மிகாமல் ஒரு தடுப்பும் உண்டு. ஆனாலும் நன்றாக ஆடிய நாளின் அட்டையைக் கொடுக்காமலே இருந்துவிடுபவரைச் சூத்திரம் என்ன செய்யும்? அங்கே கிளப்பின் ஹேண்டிகேப் குழு கண்டிப்பாக இருந்தாக வேண்டும். குழுவில் இருப்பவர்களோ அவருடைய நண்பர்கள்.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹேண்டிகேப் கூடியவரின் ஆட்டம் நாளுக்கு நாள் பெரிதும் ஏறி இறங்கும். நூறு பேர் ஆடும் போட்டியில் அவர்களில் யாராவது ஒருவருக்கு அன்று அதிர்ஷ்டம் அடித்துவிடுகிறது. தனிநபர் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் 95 சதவீத ஹேண்டிகேப் மட்டும் தரச் சொல்வது இதைச் சரிக்கட்டத்தான். அது போதாது. கழிக்காத மொத்த அடிக்கும் தனிப் பரிசு தரும் கிளப்புகள், நன்றாக ஆடுபவரின் மனக்குறையைப் புரிந்துகொண்டவை.