300 ஓம் பொய்

முழுப் பொய்யைப் பிடிப்பது எளிது. காரின் கூலன்ட் சென்சார் வயர் அறுந்துபோனால், கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்றுதான் இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சென்னை வெயிலில் அதை யார் நம்புவது? செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிடும். ரசிக்க வேண்டியது அரைப் பொய்யை.

2000-ஐ ஒட்டிக் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த காலத்துக் கார்களில், கூலன்ட் சென்சாரின் பித்தளை உடலுக்குள் ஒரு சிறு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் ரகத்தில் 20 டிகிரிக்கு சுமார் 2,500 ஓம், 80 டிகிரிக்கு 300 சொச்சம்.

இப்போது வயரை சென்சாரோடு இணைக்கும் கப்ளரின் பின்னில் பச்சை பூத்து, 300 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். காலையில் 2,500-க்குப் பதில் 2,800. பொருட்படுத்த வேண்டாத பிசகு. வண்டி சமர்த்தாகக் கிளம்பும். சூடேறியதும் 300 இருக்க வேண்டிய இடத்தில் 600. அது 60 டிகிரிக்கான கணக்கு. நடக்கக்கூடிய எண்தானே, விளக்கு எரியாது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும். அதே 300 ஓம், குளிரில் ஒன்றுமில்லை, சூட்டில் 20 டிகிரிப் புளுகு! மைலேஜ் இறங்கும், பிளக்கில் கரி படியும்.

'ஹீட் மீட்டர் சரியாத்தானே காட்டுது' என்பார் வண்டிக்காரர். அவர் சொல்வதும் உண்மை. பல வண்டிகளில் மீட்டருக்கு ஒற்றை வயரோடு தனி சென்சார், கம்ப்யூட்டருக்கு இரட்டை வயரோடு வேறொன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அவசரக்காரர்கள் கழற்றுவது பெரும்பாலும் தப்பானதைத்தான்.

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். சூடான இன்ஜினில் கப்ளரைப் பிரித்து, சென்சாரை மட்டும் மல்டிமீட்டரில் அளப்பார். 300 வந்தால் சென்சார் நிரபராதி. கம்ப்யூட்டரின் கணக்கைக் காட்டும் ஸ்கேனர் மட்டும் 60 என்று அடம்பிடித்தால் குற்றவாளி வயர் வழியில் எங்கோ இருக்கிறது. சென்சாரே தப்பென்றால் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் பழையதைத் திருகுவார். கூலன்ட் அதிகம் சிந்தாது. அந்த ஒரு நொடி மாற்றலைப் பார்க்கவே பட்டறையில் நிற்கலாம்.

இன்னொரு வேடிக்கை. ஆராயாமல் புது சென்சார் மாட்டினாலும் சில நாள் வண்டி பிரமாதமாக ஓடும். கப்ளரைக் கழற்றி மாட்டியதில் பின் உரசிச் சுத்தமாகியிருக்கும்; பெயர் புது சென்சாருக்குப் போய்விடும்.