கணைக்கால் முறிவும் மலைச்சரிவும்

கணைக்கால் எலும்பின் முன்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பவருக்கு, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை என்பது உடனே புலப்படும். இந்த எலும்பின் முறிவு வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தலைவலி கொடுத்து வருவதற்கு ஆதிகாரணம் இதுவே. தசை போர்த்தாத பக்கத்தில் ரத்தவோட்டம் குறைவு, ரத்தவோட்டம் குறைந்த இடத்தில் எலும்பு பொருந்தத் தாமதம், முறிந்த முனை தோலைக் கிழித்து வெளிவருவதோ மிகச் சுலபம்.

இதற்குரிய சத்திரசிகிச்சை முறைகளை நூல்கள் ஒப்பிடுகையில் எக்ஸ்றேயில் எலும்பு பொருந்திய மாதத்தையே பிரதானமாகக் கணக்கிடுகின்றன. பூனாகலை, கொஸ்லந்தை, 2014 அக்டோபர் 29இல் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தை என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊவா மலைச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் ஒருத்திக்கு அக்கணக்கு போதாது என்பது என் அபிப்பிராயம். செங்குத்தான மலையில் ஏறவும், அடுப்படியில் குந்தவும், தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய் அரைப்பேராவது, அதாவது அரைநாட் கூலியாவது, வாங்கவும் எந்த முறை அவளை விரைவில் அனுமதிக்கிறது என்பதே இங்கு உரைகல்.

மாவுக்கட்டையும், நம் ஜனங்கள் இன்றும் நாடிச்செல்லும் முறிவு நெறிவு வைத்தியத்தையும் இகழ்வதற்கில்லை. விலகாத முறிவு கத்தியின்றியே பொருந்தும். விலகிய முறிவோ அவ்விதம் விட்டால் கோணலாகவும் குட்டையாகவும் பொருந்திவிடுகிறது.

எலும்பின் உட்குழியில் உலோகக் கம்பி செலுத்தும் முறையை 1939இல் கீல் நகரத்து கெர்ஹார்ட் க்யூன்ட்ஷர் தொடையெலும்பில் கையாண்டார்; ஜெர்மனியிலிருந்து விடுதலையாகி வந்த யுத்தக்கைதிகளின் எக்ஸ்றேயில் அக்கம்பியைக் கண்டு அமெரிக்க வைத்தியர்கள் திகைத்தனர் என்பது சரித்திரம். பிற்காலத்தில் குறுக்குத்திருகுகள் சேர்ந்து கம்பியைப் பூட்டியதனால், கணைக்காலின் நடுப்பகுதி முறிவுக்கு இதுவே முதன்மையான சிகிச்சையாயிற்று. முறிந்த இடத்தைத் திறக்க வேண்டியதில்லை. ஆகவே அங்குள்ள சொற்ப ரத்தவோட்டமும் பெரிதும் காப்பாற்றப்படுகிறது. அநேகருக்குச் சில வாரங்களுக்குள்ளேயே காலூன்றி நடக்க இயலும். உட்குழியைக் குடைந்து பருத்த கம்பி இடுவதா, குடையாமல் மெல்லிய கம்பி இடுவதா என்ற விவாதத்துக்கு, 1,200க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தோல் கிழியாத முறிவுக்குக் குடைவதே அனுகூலம், தோல் கிழிந்த முறிவில் பேதமில்லை என்று விடை கூறிற்று. நன்று. ஆனால் கம்பி நுழையும் வழி முழந்தாளுக்குச் சற்றுக் கீழே. எலும்பு செவ்வனே பொருந்திய பின்னும் கணிசமான நோயாளிகளுக்கு முழந்தாளின் முன்புறத்தில், முக்கியமாக முழந்தாளிடும்போதும் குந்தும்போதும் படியிறங்கும்போதும், வலி தங்கிவிடுகிறது. நாற்காலி உத்தியோகத்தருக்கு இஃது ஓர் அசௌகரியம். மலை இறங்கிப் பிழைப்பவளுக்கோ ஜீவனத்தின்மீதே விழும் அடி. கம்பியைக் கழற்றினால் வலி சிலருக்கு நீங்குகிறது, சிலருக்கு நீங்குவதில்லை. முழந்தாளை ஏறக்குறைய நீட்டியபடியே சில்லுக்கு மேலிருந்து செலுத்தும் புதுவழி இக்குறையைத் தணிக்கக்கூடும் எனினும், அதற்குத் தனிக்கருவிகள் வேண்டும்.

கரண்டைக்குச் சமீபமான முறிவில் குழி அகன்று கம்பியின் பிடி தளர்வதால் தகடும் திருகும் போட்டிக்கு வருகின்றன. எலும்பை ஒழுங்காக நிறுத்துவதில் தகடு சமர்த்தானது. அதை மூட அங்கே மெல்லிய தோலைத் தவிர வேறில்லாமையால் காயம் ஆறாமற் போவதும் சீழ் பிடிப்பதும் அதன் ஆபத்துக்கள். கம்பியையும் தகட்டையும் பிரித்தானியாவில் 321 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, மூன்றாம் மாதத்தில் கம்பி மேலெனவும் ஆறாம் மாதத்தில் பேதமில்லையெனவும் கண்டது. அவர்கள் பயன்படுத்திய வினாப்பட்டியல் மாடிப்படி ஏறுவதையும் படுக்கை விரிப்பதையும் விசாரிக்கிறது. குந்துவதைப் பற்றி ஒரு வினாவும் அதில் இல்லை! எனினும் அந்த மூன்றாம் மாத வித்தியாசத்தை நாட்கூலிக் குடும்பம் அலட்சியம் செய்ய இயலாது. கம்பி பிடிக்குமளவுக்குக் கீழெலும்பு மிஞ்சியிருந்தால் அதையே தெரிந்தெடுப்பேன்.

சீழ் பிடித்த, எலும்பு இழந்த கால்களுக்கு, சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் அமைத்த வளையச் சட்டத்துக்கு இணையில்லை. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்று, மறுவருஷம் மோட்டார்சைக்கிள் விபத்தில் கணைக்கால் நொறுங்கி, பல சத்திரசிகிச்சைகளும் பலிக்காத வலேரி புரூமெலை மறுபடி தாண்டச்செய்தது இச்சட்டமே. தோல் கிழிந்த புதிய முறிவிலும் எளிய வெளிச்சட்டத்தைத் தற்காலிகமாகப் பூட்டி, காயம் தெளிந்தபின் கம்பிக்கு மாறலாம். ஆனால் பல மாதம் சட்டத்தோடு இருப்பவர் ஊசி நுழைந்த துளைகளை அனுதினமும் சுத்தம் செய்ய வேண்டும். லயத்தின் பொதுப்பீலியில் தண்ணீர் பிடித்து, ஒற்றையறையில் அதைச் செய்வது எளிதன்று. அத்துடன் கிளினிக் தினந்தோறும் ஊன்றுகோலோடு பஸ் பிடித்துப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வரும் சிரமமும், கூடப் போகிறவரின் ஒருநாட் பேரும் சேர்கின்றன. துளை பார்க்கும் அவ்வேலையையாவது தியத்தலாவையிலோ கொஸ்லந்தையிலோ முடித்துக்கொள்ள வழியிருக்குமாயின் நெடுங்காலச் சட்டத்தை நான் ஆட்சேபிக்க மாட்டேன். இல்லாவிடத்தில், சட்டம் பூட்டுமுன் அவள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று வைத்தியர் கேட்டறிய வேண்டும்.