விரலுக்கா, செவிக்கா?

இசைக் கல்வி விரலுக்கு உரியதா, செவிக்கு உரியதா என்னும் வினா மிகப் பழையது. நம் இல்லங்களில் பிள்ளைகள் கிதாரை மடியில் ஏந்தும்போது அவ்வினா புதிதாய் எழுகின்றது. அவர்தம் கைகளில் உள்ள பயிற்சிப் படங்கள், எந்தத் தந்தியில் எவ்விரலை வைப்பது என்பதைப் புள்ளியிட்டுக் காட்டுகின்றன. ஏன் வைப்பது என்பதை அவற்றுட் பல சொல்வதில்லை. 'மைனர் செவன்த்' என்னும் சுரக்கூட்டை எடுத்துக்கொண்டு இக்குறையை ஆராய்வோம்.

நம் மரபின்படி கூறின், மைனர் என்பது ச, சாதாரண காந்தாரம், ப ஆகிய மூன்றன் கூட்டு. இவற்றோடு கைசிகி நிஷாதம் சேரின் மைனர் செவன்த் பிறக்கும். சுத்த தன்யாசி இராகத்தின் ஐந்து சுரங்களுள் மத்தியமம் நீங்கலாக எஞ்சும் நான்கும் இவையே. ஆதலின், அயல்நாட்டுச் சரக்கென்று நாம் அஞ்சுவது நம் செவி நெடுங்காலம் பழகிய உறவேயாம்.

இனிக் கருவிக்கு வருவோம். வீணையைப் போன்றே கிதாருக்கும் மெட்டுகள் உண்டு. ஏ மைனரில் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டில் உள்ள விரலை எடுத்துவிட்டால் ஏ மைனர் செவன்த். ஈ மைனரில் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில் உள்ள விரலை எடுத்தால் ஈ மைனர் செவன்த். டி மைனரில் இரண்டாம் தந்தியின் மூன்றாம் மெட்டை விட்டு முதல் மெட்டுக்கு இறங்கினால் டி மைனர் செவன்த். படத்தில் இவை மூன்று வெவ்வேறு வடிவங்கள். செவிக்கோ ஒரே செயல். இரட்டித்து ஒலிக்கும் சட்ஜங்களுள் ஒன்று இரண்டு மெட்டு இறங்கி நிஷாதமாகின்றது, அவ்வளவே. இந்த ஒரு வரியை உணர்ந்த மாணவன் மூன்று படங்களை மனனம் செய்ய வேண்டுவதில்லை.

இக்கூட்டின் சுவைக்கும் காரணம் உண்டு. ஏ மைனர் செவன்த்தில் அடி சுரத்தை மறைத்துக் கேட்டால் எஞ்சுவது சி மேஜர். துயரின் மடியில் மகிழ்ச்சி அமர்ந்திருக்கிறது. அதனாலன்றோ அழுகையும் ஆகாது, ஆரவாரமும் ஆகாது, நடுவில் நிற்கும் ஒரு கனிவு அதில் தோன்றுகின்றது! அமெரிக்கக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் 'சோ வாட்' என்னும் படைப்பை இவ்வகைக் கூட்டுகளின் தளத்திலேயே எழுப்பினார். அதன் சுரவரிசை நம் கரகரப்பிரியாவை ஒத்தது.

கமகம் அசையும் இடத்தில் அசையாச் சுரக்கூட்டு இடறும் என்று நம் இசைவாணர் கூறுவர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. சுத்த தன்யாசியின் காந்தாரம் அசைந்தாடும்போது கிதாரின் காந்தாரம் முளையடித்து நின்றால் இரண்டும் கெடும். ஆயின் அது கூட்டின் குற்றமன்று. இடமறியாது மீட்டியவரின் குற்றம். குரல் ஓயும் இடத்தில் கூட்டு பேசட்டும். குரல் அசையும் இடத்தில் அது அடங்கட்டும். இவ்விவேகத்தை எந்தப் படமும் கற்பிக்காது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராய்ப் பாடித் திரிந்தவர். பின்னரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையைப் பயின்றார். செவி முந்திற்று, ஏடு பிந்திற்று. 1986-இல் வெளிவந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் தியாகராசரையும் பாக்கையும் ஒரு பந்தியில் அமர்த்த அவரால் இயன்றது இவ்வரிசையினாலேயே என்பது நம் துணிபு. ஏட்டை இகழ்கின்றோம் என்று எவரும் கொள்ளற்க. ஏடின்றி அவரும் அவ்வுயரம் எய்தியிரார்.

படங்களை மட்டும் நம்பிய பிள்ளை, விரல் நொந்து, ஒலியின் பொருள் விளங்காமல் கருவியைச் சுவரில் சாய்த்துவிடுகின்றான். பெற்றோர் அதை ஆர்வக் குறைவு என்கின்றனர். ஆர்வம் குறையவில்லை, அவன் செவிக்கு எவரும் உணவிடவில்லை. ஆசிரியரைத் தேடுங்கால், விரல் விரைவைக் காட்டுபவரைவிட, ஒரு சுரம் இறங்குவதைக் கேட்கச் செய்பவரைத் தேடுவோமாக.