கேப்டன் முகமும் கேப்டன் காலும்

2024 செப்டம்பர் 5. ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ ரிலீஸ். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் விஜயகாந்த்! எங்கள் மதுரை தியேட்டரில் விசில் காதைக் கிழித்தது. நானும் அடித்தேன், மறைப்பானேன்? 2023 டிசம்பர் 28-ல் மறைந்துபோன நம்ம ஊர்க்காரர் எட்டே மாதத்தில் திரும்பி வந்தால், அடிக்காமல் என்ன செய்வது?

கொஞ்ச நேரம்தான். முகம் கழன்றது, உள்ளே விஜய். கதைப்படி அது முகமூடி. நிஜத்தில், செயற்கை நுண்ணறிவு செய்துகொடுத்த முகம். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் செய்தார் டைரக்டர் வெங்கட்பிரபு. அதில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு.

சொல்லுங்கள், கேப்டன் படத்துக்கு நாம் டிக்கெட் எடுத்தது முகத்துக்கா? காலுக்கு சார், காலுக்கு! ஒரு காலைச் சுவரில் ஊன்றி, உடம்பைச் சுழற்றி, மறுகாலால் விடுவாரே ஓர் உதை! 1991-ல் அவருடைய நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகர’னைப் பார்த்துவிட்டு, வீட்டுச் சுவரில் அதையே முயன்று முழங்கையைப் பெயர்த்துக்கொண்டவன் நான். அந்த வலியில்தான் அவர் செய்த வேலை புரிந்தது.

மதுரையில் அப்பாவின் ரைஸ் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ‘இந்த நிறத்தில் ஹீரோவா?’ என்று கோடம்பாக்கம் தயங்கிய முகம் அது. 1981-ல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ அந்தத் தயக்கத்தை உடைத்தது. வேண்டாம் என்ற அதே முகத்தைத்தான் இன்று மெஷினை வைத்துச் செய்கிறார்கள்!

மெஷின் என்ன செய்கிறது? பழைய காட்சிகளைப் பார்த்துப் பார்த்து, புருவம் எப்படி ஏறும், உதடு எப்படி மடியும் என்று கணித்து, இன்னொருவர் முகத்தின் மேல் பொருத்துகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதற்கு முழங்கை இல்லை. தவறி விழுந்தால் வலிக்கப்போவதில்லை. விழுந்துவிடுவாரோ என்ற பயம் நமக்கு இல்லாவிட்டால், அது சண்டைக்காட்சியா, வெறும் படமா?

இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் ஜெட் லீ. 2003-ல் வந்த ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ வாய்ப்பை அவர் மறுத்தார். காரணத்தை 2018-ல் சொன்னார்: தன் அசைவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, உரிமையையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்களாம். ஆயுசு முழுக்கக் கற்ற வித்தை. தனக்கோ வயசாகிக்கொண்டே போகும், அவர்களுக்கோ அது என்றென்றைக்கும் சொத்து!

நான் பி.காம். படித்தவன். பார்ட்னர் இறந்தால், குட்வில்லில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்து வாரிசுகளுக்குக் கொடு என்பது பாடம். இறந்த பார்ட்னரையே மறுபடி கல்லாவில் உட்காரவைப்பது பாடத்தில் இல்லை.

கேப்டனுக்காவது கேட்க குடும்பம் இருந்தது. நாளைக்கு ஒரு ஃபைட்டர் பையனிடம், “தம்பி, இந்த கேமரா முன்னால நாலு உதை விட்டுட்டு, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்று பேப்பரை நீட்டினால்? அவன் ஜெட் லீ இல்லை. வீட்டு வாடகை பாக்கி அவனை ‘முடியாது’ என்று சொல்ல விடாது. அவனுக்கு அன்றைய கூலி மட்டும்தானா, அந்த உதை திரையில் ஓடும் காலமெல்லாம் கூலியா?

கேப்டன் படமாயிருந்தால் அடுத்த சீனில் அவரே வந்து கேட்டிருப்பார். இப்போது நாம்தான் கேட்கணும்.