நீமொல்லரின் நான்கு வருடங்கள்

ஒவ்வொரு பிரிவினராகப் பிடித்துக்கொண்டு போகப்பட, தான் பேசாமலிருந்ததைச் சொல்லும் அந்தச் சில வரிகளை அறியாத புலம்பெயர் தமிழர் குறைவு. எமது சிறுபத்திரிகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் அவை பலமுறை வந்துவிட்டன. பெயரில்லாமலும் வந்துள்ளன. அவை பிரெக்டின் கவிதை என நம்புபவர்களும் உண்டு. உண்மையில் அது எழுதிவைக்கப்பட்ட கவிதையே அல்ல. மார்ட்டின் நீமொல்லர் என்ற ஜேர்மன் புரட்டஸ்தாந்து போதகர் 1946 முதல் தனது உரைகளில் சொல்லிவந்தது. பட்டியலும் உரைக்கு உரை மாறியது. சில உரைகளில் குணப்படுத்த முடியாத நோயாளர்களும் இருந்தார்கள். பின்னர் அமெரிக்காவில் வழங்கிய சில வடிவங்களில் கம்யூனிஸ்டுகள் காணாமற் போனார்கள்.

இந்த வரிகளை அவற்றைச் சொன்ன மனிதரின் வாழ்க்கையோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே எமது கருத்து. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்து உணவகச் சமையலறையில் நிற்கும் எமக்கு ஆராய்ச்சிக்கு நேரமில்லை. வேலை முடிந்த இரவுகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தவற்றிலிருந்தே இதை எழுதுகிறோம்.

நீமொல்லர் 1892இல் லிப்ஸ்ரட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பற் தளபதியாக இருந்தார். மன்னராட்சி வீழ்ந்து குடியரசு வந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. 1920இல் ரூர் பிரதேசத்தில் தொழிலாளர் எழுச்சியை அடக்கச் சென்ற தொண்டர் படையில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அப்போது அவர் இறையியல் மாணவர். 1924இல் நாசிகளுக்கு வாக்களித்தார். 1933இலும் வாக்களித்தார்.

ஆகவே கம்யூனிஸ்டுகளைக் கொண்டுபோனபோது அவர் பேசவில்லை என்பது உண்மையின் ஒரு பாதிதான். 13 வருடங்களுக்கு முன்பே அவர்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர் அவர். பேசாமலிருந்தேன் என்பது அவரது வரலாற்றுக்கு மிக மென்மையான சொல். அது மௌனமல்ல, சம்மதம். அவ்வரிகளின் பலவீனமாக நாம் காண்பது இதைத்தான்.

அவர் எதிர்த்ததும் உண்மை. யூத வம்சாவளியினரான போதகர்களைத் திருச்சபைப் பணியிலிருந்து நீக்கும் ஆரிய விதி 1933இல் வந்தபோது, பேர்லினின் வசதியான டாலெம் பகுதியில் போதகராக இருந்த அவர், போதகர்களின் அவசரகாலச் சங்கத்தை அமைத்தார். 1934 தொடக்கத்தில் சுமார் 7,000 போதகர்கள் அதில் இருந்தனர். ஆனால் அவர் காத்து நின்றது திருச்சபையின் சுதந்திரத்தை. ஞானஸ்நானம் பெறாத யூதர் அந்தச் சுதந்திரத்துக்குள் வரவில்லை. ஞானஸ்நானம் பெற்ற யூதப் போதகர்கள்கூட உயர் பதவிகளைத் தவிர்த்து அடக்கமாக இருப்பது நல்லதென்று அவரே 1933 நவம்பரில் எழுதினார்.

1937 யூலை 1இல் கைதானார். 1938இல் நீதிமன்றம் ஏழு மாதத் தண்டனை வழங்கியது. அந்தக் காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டதால் வெளியே வந்திருக்க வேண்டியவரை கெஸ்ராப்போ மீண்டும் கொண்டுபோனது. ஹிட்லரின் தனிப்பட்ட கைதியாக சக்சன்ஹவுசனிலும் டாகவ்விலும் 1945 வரை இருந்தார். அந்த முகாமுக்குள்ளிருந்தே, 1939இல் போர் தொடங்கியதும், கடற்படையில் மீண்டும் சேவை செய்ய விண்ணப்பித்தார்! விடுதலையான பின் 1945 யூனில் நேப்பிள்சில் பத்திரிகையாளர்களிடம், தனது பிணக்கு திருச்சபை பற்றியதே தவிர அரசியல் பற்றியதல்ல என்று சொல்லி உலகை அதிரவைத்தார்.

இப்படிப்பட்டவர் எங்கே மாறினார்? அவரே பின்னர் மேடைகளில் சொல்லிவந்த ஒரு சம்பவம் இதற்கு விடை தருகிறது. போர் முடிந்தபின் மனைவியோடு டாகவ்வுக்குப் போகிறார். பிணங்களை எரித்த சூளையருகே ஒரு பலகை. 1933 முதல் 1945 வரை அங்கே எரிக்கப்பட்டவர்களின் தொகை அதில் எழுதப்பட்டிருக்கிறது. தொகையைவிட ஆண்டுகளே அவரை உலுக்கின. 1937இலிருந்து எங்கே இருந்தாய் என்று கேட்டால் சிறையில் என்று சொல்லலாம். 1933இலிருந்து 1937 வரை?

எட்டு வருடம் சிறையிருந்த ஒருவர் அந்தச் சிறையைக் காட்டித் தப்பித்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனக்குச் சாட்சியில்லாத நான்கு வருடங்களைத்தான் எடுத்துப் பேசினார். அவரிடம் நாம் மதிப்பது இதைத்தான். 1945 ஒக்ரோபரில் திருச்சபைத் தலைவர்கள் வெளியிட்ட ஸ்ருட்காட் குற்ற அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல் இல்லை. இருந்தும் அதுவே அதிகமென்று சொந்தச் சபையினர் கோபித்தார்கள். 1947 முதல் 1964 வரை ஹெசன்-நசாவ் திருச்சபையின் தலைவராக இருந்தபோது மேற்கு ஜேர்மனியின் மீள்ஆயுதமாக்கலை எதிர்த்தார். 1959இல் காசல் நகரில் இராணுவப் பயிற்சியைக் கடுமையாகச் சாடியதற்காகப் பாதுகாப்பு அமைச்சரே அவர்மீது முறைப்பாடு செய்தார். 1961இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1984இல் காலமானார்.

இனி எம்மிடம் வருவோம். எமது கூட்டங்களில் அவ்வரிகள் பெரும்பாலும் உலகத்தை நோக்கியே வாசிக்கப்படுகின்றன. 2009இல் பேசாதிருந்த உலகத்தை நோக்கி. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது ஒரு குற்றப்பத்திரிகை அல்ல, தன்னிலை வாக்குமூலம். அதில் வரும் 'நான்' பாதிக்கப்பட்ட மக்கள் அல்ல, பார்த்துக்கொண்டு நின்றவர்.

அப்பட்டியலில் இருப்பவர்களும் நீமொல்லரின் நண்பர்கள் அல்ல. அவருக்குப் பிடிக்காதவர்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதே வரிகளை அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களில் அவர்களுக்கு எத்தனை தடவை இடம் கிடைத்தது? நாளை எமக்காக யாராவது பேசுவார்கள் என்ற கணக்கில் பேசுவதற்கு நீமொல்லர் தேவையில்லை, எந்தக் காப்புறுதி முகவரும் போதும். எமக்காக ஒருபோதும் பேசமாட்டார்கள் என்று நாம் நினைக்கும் மனிதருக்காகப் பேசச் சொல்கின்றன அவ்வரிகள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வாசிக்க எழும் தோழர், பட்டியலில் யாரைச் சேர்க்கிறார், யாரை விடுகிறார் என்பதைக் கவனித்துக் கேட்போம்.